கொடுத்து வைத்த வெளிச்சம்

டிசம்பரில் வில்னியஸுக்குப் பகல்
ஏழரை மணி நேரம்.
அதிலும் பாதியை மேகம் தின்றுவிடும்.
ஆகவே அட்டைக்கு நான் ஊட்டுவது
மேசை விளக்கின் வெளிச்சம்,
குளிர்காயும் உள்ளங்கையைப் போல
முகம் மேலே பார்க்க, ஒரு நிமிடம்.

டிராலிபஸ் பாஸ் அளவுதான் இருக்கும்.
நடுவே வெளிறிய மஞ்சள் சதுரம்.
ஒரு மூலையில் கரிந்த புள்ளி:
எனக்கு முன்னால் இதை வைத்திருந்த அல்கிமான்டாஸ்
முழு வேகத்தில், கற்றை குவியும் இடத்தில் நீட்டிவிட்டானாம்.
இப்போது அவன் டிராலிபஸ் ஓட்டுகிறான்.
கண் இரண்டும் நன்றாக இருக்கின்றன,
போன வாரம்கூடக் கேட்டேன்.

எங்கள் லேசர்
ஆயிரத்து அறுபத்து நான்கு நானோமீட்டர்.
அகச்சிவப்பு என்பார்கள்,
பெயரில் மட்டும்தான் சிவப்பு.
சுவரில் பட்டால் சுவர் சொல்லாது.
விழியில் பட்டால் விழியும் சொல்லாது,
இமைக்கக்கூடத் தோன்றாது.

இன்று கணக்கு இடித்தது.
புறப்பட்டது நூறு,
வந்து சேர்ந்தது தொண்ணூற்றேழு.
"மூன்று எங்கே?" என்றாள் ஸ்கிர்மாந்தே,
கல்லாவில் சில்லறை குறைந்த
கடைக்காரி போல.

திறனைக் குறைத்தோம்.
கைக்கடிகாரம் கழற்றினோம்.
பச்சைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு
அறை விளக்கை அணைத்தோம்.
அட்டையைச் சற்றே கீழே சாய்த்துப் பிடித்தேன்
(அதன் பளபளப்பே நம் மேல் திருப்பி அடிக்கும்)
முதல் ஆடி, இரண்டாம் ஆடி, படிகம், வில்லை.
போன இடமெல்லாம்
ஆரஞ்சு நிறத்தில் ஒரு கடுகு
முளைத்தது, மங்கியது.

மங்கும். அதுதான் இதன் குணம்.
ஒரே இடத்தில் நிறுத்தினால் தீர்ந்துபோகும்,
ஒரு நூல் நகர்த்தினால் மறுபடி துளிர்க்கும்.
ஏனென்றால் நான் பார்ப்பது லேசரை அல்ல.
லேசர் கதவைத் தட்டுகிறது, அவ்வளவுதான்.
உள்ளேயிருந்து எழுந்து வருவது
எப்போதோ குடித்து
உள்ளே பதுக்கிவைத்த விளக்கு வெளிச்சம்.

படிகத்துக்குப் பின்னால்
ஒரு தகடு திருகு தளர்ந்து
மல்லாந்திருந்தது.
அங்கிருந்து கிளம்பியது மூன்று.
அட்டையை உயர்த்தினேன், இருந்தது.
இன்னும் உயர்த்தினேன், இருந்தது.
மேசை விளிம்பைத் தாண்டி, திரையின் இடுக்கைத் தாண்டி
அந்தப் பக்கத்து முக்காலிக்கு மேலே
காற்றில் எங்கோ இருந்தது.

மூன்று நாளாக அவள் அங்கே உட்கார்ந்துதான்
கம்பு ரொட்டி தின்றாள்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு.

ஒன்றும் பேசவில்லை.
அட்டையை என்னிடமிருந்து வாங்கினாள்,
லேசரை நிறுத்தச் சொன்னாள்.
முக்காலியில் அமர்ந்து, நேர் எதிரே சுவரில்
தன் கண்ணின் உயரத்தைப் பென்சிலால் கோடிட்டாள்.
எழுந்து விலகி நின்று "இப்போது விடு" என்றாள்.
நான் விட்டேன். அட்டை சொன்னது.

கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை.

"என் அக்கா என்னைவிட உயரம்" என்றாள்,
கொஞ்ச நேரம் கழித்து.

கறுப்புத் தகடு வைத்து மறித்தோம்.
திருகை இறுக்கினோம். தொண்ணூற்றொன்பதரை.
அரை எல்லோருக்கும் போகும்.

கோட்டு மாட்டும்போதுதான் நினைவு வந்தது,
காலையில் நான் அட்டைக்கு எதுவும் ஊட்டவில்லை.
இரவெல்லாம் எரிந்த மேசை விளக்கின் அடியில்
அது தானாகக் கிடந்தது.
அணைக்காமல் போனவள் அவள்தான்.
"மின்சாரம் உன் அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று
நான் எழுதி ஒட்டிய துண்டுத்தாள்
இன்னும் சுவிட்சின் மேல் இருந்தது.

கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.
அவள் பார்த்தாளா, தெரியாது.
வெளியே நெரிஸ் ஆற்றுப் பாலத்தில் பனி.
மூன்றாம் எண் டிராலிபஸ் வந்தது.
ஓட்டுநர் அல்கிமான்டாஸ் இல்லை.

அறையில் விளக்கை
எரியவிட்டே வந்தோம்.